முகத்துவாரத்தில் வந்து அளந்து பாருங்கள்: சென்னையின் கழிவுநீருக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

அடையாறு கடலில் கலக்குமிடத்தில் கருப்புத் தண்ணீர் இறங்குகிறது, வந்து பாருங்கள் என்று முதல் மழை விட்ட கையோடு புகார் கொடுத்தேன். பதில் வந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் முறையாக இயங்குகின்றன, புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று இரண்டே வரி. இடத்தைப் பார்க்க யாரும் வரவில்லை. ஒரு பாட்டில் தண்ணீர்கூட யாரும் எடுத்துப் போகவில்லை. அந்த இரண்டு வரியை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. தனியாக எழுதினால் அதையும் முடித்துவைத்துவிடுவீர்கள் என்பதால் ஊரறிய எழுதுகிறேன்.

நான் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அண்ணன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார், அம்மா மீன் விற்கிறார். நான் வேதியியல் படித்துவிட்டு ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வலையில் வருவதும் தெரியும், பரிசோதனைக் குழாயில் வருவதும் தெரியும். இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றன.

முகத்துவாரத்தில் நடப்பதை முதலில் சொல்கிறேன். கோடையில் ஆற்றில் வரத்து குறைந்ததும் கடல் மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். உள்ளே நிற்கிற தண்ணீர் நகர வழியில்லாமல் கிடக்கும். ஆனால் நகரத்திலிருந்து வருகிற கழிவுநீருக்குக் கோடை என்ன, மழை என்ன, அது தினமும் வந்து சேர்கிறது. அடிச்சேறு மையாகக் கறுத்து, காலை வைத்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு குமிழ் விடும். ஐப்பசியில் முதல் பெருமழை வந்ததும், மணல்திட்டு தானாக உடைந்தாலும் சரி, பொக்லைன் வைத்து நீங்கள் வெட்டிவிட்டாலும் சரி, மாதக்கணக்காகத் தேங்கியது அத்தனையும் ஒரே மூச்சில் கடலுக்குள் இறங்கும். சேறு கிளம்பித் தண்ணீரில் இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். மடவை மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் கரையில் வெள்ளை வயிறு தெரிய ஒதுங்கிக் கிடக்கும். மீன் செத்தால் உங்கள் ஆட்கள் வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அது சாவதற்கு முந்தின வாரம் யாரும் வருவதில்லை.

கடலில் கலந்தால் கரைந்துவிடும் என்ற பேச்சை ஒரு கூட்டத்தில் உங்கள் பக்கத்து அலுவலர் ஒருவர் வாயாலேயே கேட்டேன். எங்கள் ஊரில் விவரம் தெரிந்த எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்லமாட்டார். கரையை ஒட்டி இறங்குகிற தண்ணீர் நேராக ஆழ்கடலுக்குப் போய்விடுவதில்லை. அலை உடைகிற பட்டைக்குள்ளேயே சிக்கிக் கரையோரமாக நகரும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை நாங்கள் தெண்டி என்போம், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்போம். தெண்டி ஓடினால் அடையாற்று அழுக்கு பட்டினப்பாக்கத்துக்குப் போகும். வன்னி ஓடினால் அதே அழுக்கு பெசன்ட் நகருக்கும், கூவத்து அழுக்கு மெரினாவுக்கும் போகும். எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே குழந்தைகள் குளித்துக்கொண்டிருப்பார்கள்.

2019 நவம்பர் இறுதியில் பட்டினப்பாக்கம், மெரினா கரையில் நாள்கணக்கில் வெள்ளை நுரை மிதந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் அதை அள்ளி முகத்தில் பூசிக்கொண்டு விளையாடினார்கள், பெற்றோர் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அது வீடுகளின் சோப்புத்தூள் கலந்த, சுத்திகரிக்காத கழிவுநீர், மழையோடு கடலுக்கு வந்து அலையில் அடிபட்டு எழுப்பிய நுரை. பக்கத்தில் நின்று எச்சரிக்க ஓர் ஆளோ, ஒரு பலகையோ இல்லை. எங்கள் பெண்கள்தான் போய்ப் பிள்ளைகளை வெளியே கூப்பிட்டார்கள்.

கடல் ஏறி வருகிற ஏற்றத்தில் அண்ணன் மடவைக்கு வீச்சு வலை போடுவார். வலையை இழுத்துக் கரையில் போட்டால் கண்ணுக்குக் கண் சாம்பல் நிறச் சளி ஒட்டியிருக்கும். நடுநடுவே ஷாம்பு பாக்கெட், நாப்கின், பாலித்தீன், முடிக்கற்றை. உதறினால் போகாது. உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாகக் கையால் வழித்தெடுக்க வேண்டும். அதில் பாதிக் காலை போய்விடும். இடுப்பளவு தண்ணீரில் நின்று வருபவர்களுக்கு விரலிடுக்கிலும் தொடையிலும் அரிப்பும் புண்ணும் ஆறுவதே இல்லை. வீட்டுக்கு வீடு தேங்காய் எண்ணெயும் மஞ்சளும்தான் மருந்து. அம்மா கூடையை இறக்கியதும் வாங்க வருபவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "இது ஆத்து மீனா, கடல் மீனா?" ஆற்று மீன் என்றால் அப்படியே நகர்ந்துவிடுவார்கள். ஒரு காலத்தில் முகத்துவாரத்து மடவைக்கும் களி நண்டுக்கும் தனி விலை இருந்தது என்று அம்மா சொல்கிறார். இப்போது கடல் மீனையே ஆற்று மீனோ என்று சந்தேகப்பட்டு விலையைக் குறைக்கிறார்கள். இந்த இழப்பை எந்தக் கணக்கிலும் நீங்கள் எழுதுவதில்லை.

இது ஆற்றில் வலை வீசுகிற சிலரின் பிரச்சினை மட்டும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு ஏற்றத்தோடு முகத்துவாரத்துக்குள் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த இடத்தில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். பல மீன்களுக்கும் இதுதான் வளர்ப்பிடம். இங்கே மூச்சுவிட முடியாமல் குஞ்சு செத்தால், ஆழத்தில் வலை போடுகிறவருக்கும் இறால் இல்லை. மீன் பெருக வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறது அரசு. மீனவர்கள் கட்டுப்படுகிறார்கள். அதே 61 நாளும் கூவமும் அடையாறும் மீன்குஞ்சு வளரும் இடத்தில் சாக்கடையை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. பாதுகாப்பு என்றால் எங்கள் படகைக் கட்டிப்போடுவது மட்டும்தானா?

இனி பரிசோதனைக் குழாய் சொல்வது. குப்பத்துக் கரையில் கணுக்கால் ஆழத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து, ஐஸ் வைத்து, வேலை செய்யுமிடத்துக்குக் கொண்டுபோய், அங்கே அனுமதி கேட்டுப் பரிசோதித்தேன். மலக்கிருமி சோதனையில், லாக்டோஸ் கலந்த கரைசலுக்குள் ஒரு சின்னக் குழாயைத் தலைகீழாகப் போட்டுவைப்போம். கிருமி இருந்தால் அது சர்க்கரையைத் தின்று வாயு விடும், சின்னக் குழாய்க்குள் குமிழ் ஏறி நிற்கும். தண்ணீரைப் பலமடங்கு நீர்த்துப் போட்டும், நான் வைத்த எல்லாக் குழாயிலும் குமிழ் நின்றது. ஒரு பாட்டிலை வைத்து ஒரு கடலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எண்ணை இங்கே எழுதவில்லை. தொடர்ந்து எடுக்க வேண்டியது நீங்கள். அதற்கு ஆய்வகமும் ஆளும் அதிகாரமும் உங்களிடம்தான் இருக்கின்றன.

குளிக்கிற கடல்நீருக்கு இந்தியாவில் அளவுகோல் இருக்கிறது: 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி 100-க்கு மேல் போகக்கூடாது, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும், பி.ஓ.டி., அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீருக்கு 2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வைத்த வரம்போ, மலக்கிருமி 1000 வரை, பெருநகரங்களில் பி.ஓ.டி. 20 வரை. இது போதாது என்றுதான் 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 10, மலக்கிருமி 230-க்குள் என்று இறுக்கச் சொன்னது. ஆக, நிலையம் "முறையாக இயங்கினாலும்" வெளியே வருகிற நீர் குளிக்கும் கடலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் இரண்டு வரிப் பதிலில் இது இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி நிலையங்களுக்குச் சேர்த்து நாளொன்றுக்கு 70 கோடி லிட்டருக்கும் மேல் சுத்திகரிக்கும் திறன் உண்டு. எங்கே கேட்டாலும் அந்த எண்ணைத்தான் சொல்கிறீர்கள். நிலையத்துக்கு வந்து சேராத கழிவுநீரை அந்த எண் கணக்கில் எடுப்பதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத தெருக்கள், மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகச் செருகிய குழாய்கள், இரவில் கால்வாயோரம் குழாயைத் திறந்துவிட்டுப் போகும் டேங்கர் லாரிகள், கழிவுநீரை மோட்டார் வைத்து நிலையத்துக்குத் தள்ளவேண்டிய, ஆனால் மின்சாரம் போனாலோ மோட்டார் பழுதானாலோ கால்வாய்க்குத் திருப்பிவிடும் உந்துநிலையங்கள், மழைநாளில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும் மேன்ஹோல்கள். இத்தனையும் நிலையத்தின் வாசலையே பார்க்காமல் ஆற்றுக்கு வருகின்றன. இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று. மக்கள் வரிப்பணத்தில், மின்சாரம் செலவழித்துச் சுத்தம் செய்த நீரின் பெரும்பகுதியைக் கடைசியில் அதே கூவத்தில், அதே அடையாற்றில், அதே பக்கிங்காம் கால்வாயில்தான் விடுகிறீர்கள். சில அடி தள்ளிச் சாக்கடை அதில் கலக்கிறது. அப்புறம் எது சுத்தம் செய்த நீர், எது செய்யாதது?

அதனால்தான் முகத்துவாரத்தில் அளக்கச் சொல்கிறேன். நிலையத்தின் வெளிக்குழாயில் எடுக்கிற அளவு உங்கள் இயந்திரம் ஓடுகிறதா என்பதை மட்டும் காட்டும். கடல் காப்பாற்றப்படுகிறதா என்பது ஆறு கடலில் சேருமிடத்தில்தான் தெரியும்.

சட்டம் இதில் தெளிவாகவே பேசியிருக்கிறது. 1991 பிப்ரவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, நகரங்களும் குடியிருப்புகளும் சுத்திகரிக்காத கழிவுநீரைக் கரையோரத்தில் விடுவதைத் தடைசெய்தது. ஏற்கெனவே விடுபவர்கள் நிறுத்திக்கொள்ள மூன்று ஆண்டு தந்தது. அந்தக் கெடு 1994-இல் முடிந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. 2011 ஜனவரியில் வந்த அறிவிக்கை அதே தடையைத் திரும்ப எழுதி, இன்னும் இரண்டு ஆண்டு தந்தது. 2013-இல் அதுவும் முடிந்தது. 2019 அறிவிக்கையிலும் தடை இருக்கிறது, முகத்துவாரத்தில் கருப்புத் தண்ணீரும் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மாசுக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. வழக்காடக் காட்டிய வேகத்தைக் குழாய்களை அடைப்பதில் யாராவது காட்டியிருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

அதே 1991-இல் ஐரோப்பிய நாடுகளும் நகரக் கழிவுநீருக்கு ஒரு பொதுச் சட்டம் போட்டன. ஊரின் அளவைப் பார்த்து 1998, 2000, 2005 என்று கெடு வைத்தன. அங்கேயும் எல்லாரும் காலத்தில் முடிக்கவில்லை. ஆனால் தவறியவர்களைச் சட்டம் விடவில்லை. 2018-இல் இத்தாலிக்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டு, வேலை முடியும்வரை ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் 3 கோடி யூரோவுக்கு மேல் கட்டவும் சொன்னது. நாம் அதே ஆண்டில் புறப்பட்டவர்கள். நம்மிடம் கெடு இருந்தது, கெடு தவறினால் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஆற்றைக் கெடுப்பது கரையோரக் குடிசைகள்தான் என்று இன்னொரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை வைத்தே எத்தனையோ குடும்பங்களை வேலை, பள்ளி எல்லாவற்றையும் விட்டுப் பெரும்பாக்கத்துக்கும் மற்ற மறுகுடியிருப்புகளுக்கும் லாரியில் ஏற்றினார்கள். வீடுகள் போய்விட்டன, நாற்றம் போகவில்லை. கரையோரத்து மக்களுக்குக் கழிவறை இணைப்பு தராதது யார் என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றில் விழுகிற பெரிய குழாய்களைப் பின்தொடர்ந்து போனால், மோட்டார் வைத்துத் தண்ணீர் ஏற்றி, தளத்துக்குத் தளம் குளியலறை கட்டிய தெருக்களுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

இந்த நகரத்துக்குத் தண்ணீர் மிஞ்சிக் கிடக்கவும் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த மாதங்களிலும் கழிவுநீர் கடலுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே ஆண்டு கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை, வழக்கமான சுத்திகரிப்புக்கு மேல் மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்களைத் திறந்தீர்கள். நல்ல வேலை, மனதார வரவேற்கிறேன். மணலித் தொழிற்சாலைகள் 1990-களின் தொடக்கத்திலேயே நகரத்துக் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தின. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. இன்னொரு பக்கம் 2010-இல் மீஞ்சூர், 2013-இல் நெம்மேலி, 2024-இல் நெம்மேலி இரண்டாவது நிலையம், அடுத்து பேரூர் என்று கடல்நீரைக் குடிநீராக்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறோம். குடிக்க எடுக்கிற கடலிலேயே கழிவை விடுகிற ஊர், தன் கையில் இருக்கிற கழிவுநீரைச் சுத்தம் செய்துகொள்வதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாமா?

நான் கேட்பவை இவை.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றிலும் சுத்திகரிக்காத கழிவுநீர் விழும் ஒவ்வொரு இடத்தையும் பட்டியலிட்டு, எந்தத் தெருவின் நீர், எந்தத் தேதிக்குள் அடைக்கப்படும், யார் பொறுப்பு என்பதோடு தமிழில் வெளியிடுங்கள். அடைத்தபின் மறுபடி திறந்தால் அதையும் எழுதுங்கள்.

கூவம், அடையாறு முகத்துவாரங்களிலும், மெரினா, பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் கரைகளிலும் வாரம் ஒருமுறை தண்ணீர் எடுத்துப் பரிசோதியுங்கள். குளிக்கும் கடல்நீருக்கான வரம்பையும் அந்த வாரத்து அளவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கரையிலும் குப்பங்களிலும் பலகை வையுங்கள். வரம்பைத் தாண்டிய நாளில் யாரும் தண்ணீரில் இறங்கவேண்டாம் என்று மைக்கில் சொல்லுங்கள். தண்ணீர் எடுக்கும்போது குப்பத்திலிருந்து ஒருவர் உடன் இருக்கட்டும்.

உந்துநிலையத்திலிருந்து கழிவுநீரை ஆற்றுக்குத் திருப்பிவிட நேர்ந்தால் திறப்பதற்கு முன் எங்களுக்குச் சொல்லுங்கள். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கும்போது கரையோர மக்களுக்கு எச்சரிக்கை தருகிறார்கள். அதே முறை இதற்கும் வேண்டும். வலையை எடுத்துக்கொள்ளவாவது நேரம் கிடைக்கும். எல்லா உந்துநிலையங்களிலும் ஜெனரேட்டரும் மாற்று மோட்டாரும் வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்று மழைக்கு முன் சரிபார்த்து, அந்த அறிக்கையையும் வெளியிடுங்கள்.

கரையோரக் குடியிருப்புகளை அப்புறப்படுத்துவதற்கு முன் அவற்றுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்போ, சிறிய சுத்திகரிப்பு அமைப்போ கொடுங்கள். சுத்திகரித்த நீரைச் சாக்கடை கலக்கும் இடத்தில் கொட்டுவதை நிறுத்தும் திட்டத்துக்குத் தேதி வையுங்கள். முகத்துவாரத்தை நம்பிப் பிழைப்பவர்களின் வருமான இழப்பை மீன்வளத் துறையோடு சேர்ந்து கணக்கெடுத்து, மீன் செத்து ஒதுங்கும் ஆண்டுகளில் நிவாரணம் கொடுங்கள்.

பட்டியலும் வாராந்திரப் பரிசோதனையும் அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வேண்டும். அவற்றுக்குப் புதிய நிலையமோ பெரிய டெண்டரோ தேவையில்லை. நான் கொடுத்த புகாரை மீண்டும் திறந்து, மணல்திட்டை வெட்டுகிற அன்று உங்களில் ஒருவர் பரிசோதனைப் பாட்டில்களோடு முகத்துவாரத்துக்கு வாருங்கள். எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று அண்ணன் படகில் வைத்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
அடையாறு முகத்துவாரத்து மீனவக் குப்பத்திலிருந்து ஒரு பெண்